படம் இருந்த சுவர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 46. எங்கள் வீட்டில் முருகன்தான் எல்லாம். அம்மா இருந்தவரை சஷ்டி, கிருத்திகை எதுவும் தவறியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார். இரண்டு வருடம் முன்பு அம்மா போய்விட்டார்.

அதன் பிறகு மனசு ஒன்றிலும் நிற்கவில்லை. ஒரு வேதாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன், குறை சொல்ல மாட்டேன். அங்கே ஆசிரியர் ஒரு நாள், "உருவ வழிபாடு நடைவண்டி மாதிரி. நடை பழகிய பிறகும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டே இருக்கலாமா?" என்று கேட்டார். அது மனதில் தைத்துவிட்டது. எட்டு மாதம் முன்பு பூஜை அறையில் இருந்த முருகன் படத்தை எடுத்துத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். விளக்கு மட்டும் இருக்கிறது. தினமும் காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறேன்.

முதல் ஒரு மாதம் பெருமையாக இருந்தது. இப்போது உட்கார்ந்தால் வெறும் இருட்டு. இல்லாவிட்டால் மதியச் சமையல் பற்றிய யோசனை. கண்ணைத் திறந்தால் படம் இருந்த இடத்தில் சுவர் நீள்சதுரமாக வெளுத்துத் தெரிகிறது. கிருத்திகைக்கு சர்க்கரைப் பொங்கல் வைத்து அக்கம்பக்கம் கொடுப்பது அம்மா காலத்து வழக்கம். உருவமே இல்லாத ஒன்றுக்கு நைவேத்தியம் எதற்கு என்று அதையும் நிறுத்திவிட்டேன். எதிர்வீட்டு ஆத்தா போன மாதம், "ஏங்கண்ணு, இப்பல்லாம் பொங்கல் வெக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

என் கேள்வி இதுதான். முகம் இல்லாத ஒன்றிடம் அன்பு வைக்க முடியுமா? அம்மா போன அன்று முருகன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். இப்போது யார் முன்னால் போய் அழுவது? நான் மேலே ஏறியிருக்கிறேனா, சறுக்கிவிட்டேனா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, ஈரோடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த வெளுத்த சுவர்தான் கண்முன் நின்றது. படம் மாட்டிய இடத்தில் புகை படாமல் சுவர் பழைய நிறத்திலேயே இருக்கும். சுற்றிலும் விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் வருடக்கணக்கில் ஏறியிருக்கும். அந்தப் புகையில் பெரும்பகுதி உங்கள் அம்மா ஏற்றியது. எனவே நீங்கள் தினமும் காலையில் பார்ப்பது முருகன் இல்லாத இடத்தை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இதைப் பிறகு பேசுகிறேன்.

நீங்கள் சறுக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முகம் இல்லாத ஒன்றிடம் அன்பு வைக்க முடியுமா என்றால், முடியும். அப்படி வைத்தவர்கள் நம் மொழியிலேயே இருந்தார்கள். எப்படி வைத்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டு வைத்தார்கள் என்பதைத்தான் பேச வேண்டும். உங்கள் வகுப்பில் அந்தப் பகுதி விட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

நடைவண்டி உவமையை என்னால் ஏற்க முடியவில்லை. உருவம் கீழ்ப்படி, அருவம் மேல்படி என்று நம் பெரியவர்கள் அவ்வளவு எளிதாகப் பிரித்துவிடவில்லை. "ஒருநாமம் ஓருருவம் ஒன்றுமில்லாற்கு ஆயிரம் திருநாமம் பாடிநாம் தெள்ளேணம் கொட்டாமோ" என்று மாணிக்கவாசகர் கேட்கிறார். அவனுக்குப் பெயர் இல்லை, வடிவம் இல்லை என்று முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டார். அடுத்த மூச்சில் ஆயிரம் பெயர் சொல்லிப் பாடி ஆடக் கூப்பிடுகிறார். ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போனவர் பேசுகிற மாதிரி இல்லை இது. நம்மாழ்வார், 'உளன்' என்றால் இந்த உருவங்கள் அவன் உருவம், 'உளன் அலன்' என்றால் இந்த அருவங்கள் அவன் அருவம் என்று திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே பாடிவிட்டார். அதைப் பாடிய அதே வாய்தான் ஒவ்வொரு ஊர்ப் பெருமாளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உருகியது. சைவர்கள் லிங்கத்தை அருவுருவம் என்பார்கள். அருவமும் அதுவே, உருவமும் அதுவே. சிதம்பரத்தில் நடராஜர் ஆடிக்கொண்டிருக்கும் அதே சபையில், பக்கத்திலேயே திரையை விலக்கிக் காட்டுகிற ரகசியம் வெறும் வெளிதான். தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். இரண்டையும் ஒரே தீட்சிதர்தான் தீபம் காட்டி வழிபடுகிறார். எதைத் தூக்கிப் பரணில் போடுவது?

தாயுமானவரின் ஒரு பாட்டை உங்களுக்காக எடுத்துப் பார்த்தேன். 'பண்ணேன் உனக்கான பூசை' என்று தொடங்கும். ஒரு வடிவிலே உன்னைப் பாவித்துப் பூசை செய்யலாம் என்றால், பறிக்கப் போன மலருக்குள் நீ இருக்கிறாய். பனி நனைந்த அந்தப் பூவைக் கிள்ள மனம் வரவில்லை. சரி, கையையாவது குவிக்கலாம் என்றால் வெட்கமாக இருக்கிறது. என் உள்ளத்திலும் நீயே நிற்கிறாய். நான் கும்பிடும்போது அது அரைக்கும்பிடு ஆகிவிடுகிறதே, இது முறையா என்று கேட்கிறார்.

'அரைக்கும்பிடு' என்ற அந்தச் சொல்லில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். கும்பிடுகிற கைக்குள்ளும் அவன் இருக்கிறான், கும்பிடப்படுகிற இடத்திலும் அவன் இருக்கிறான். நான் கும்பிடுகிறேன் என்று தனியாக எடுத்துச் சொல்ல என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கூச்சம். இந்த மனிதர் பூசையை விட்டதற்குக் காரணம் பூவிடம் வந்த அன்பு. நீங்கள் படத்தை எடுத்ததற்குக் காரணம், இன்னும் நடைவண்டியோடு இருக்கிறோமே என்ற வெட்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியே பார்த்தால் இரண்டு பேரின் சுவரும் ஒரே மாதிரி காலியாகத்தான் இருக்கும்.

உங்கள் கேள்வி பழைய கேள்வி. கீதையில் பன்னிரண்டாம் அத்தியாயம் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. உன்னைப் பக்தியோடு வழிபடுகிறவர்கள், கண்ணுக்குப் புலப்படாத அழிவற்றதை வழிபடுகிறவர்கள், இவர்களில் யார் யோகம் அறிந்தவர் என்று அர்ஜுனன் கேட்கிறான். என்னிடம் மனதை வைத்து வழிபடுகிறவர்களே சிறந்தவர்கள் என்கிறான் கண்ணன். மற்றவர்களும் என்னையே அடைகிறார்கள், ஆனால் அவர்களுக்குக் கிலேசம் அதிகம், உடம்பு எடுத்தவர்களுக்கு அந்த வழி கஷ்டம் என்று ஐந்தாம் சுலோகத்தில் சொல்கிறான். கிலேசம் என்றால் நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதேதான். கண்ணை மூடினால் இருட்டு, இல்லாவிட்டால் மதியச் சமையல். உங்களுக்கு மட்டும் நேர்ந்த தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

இந்தச் சுலோகத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முந்தின சுலோகத்தை அவ்வளவாகக் காட்டுவதில்லை. அருவத்தை வழிபடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அங்கே மூன்று அடையாளம் வருகிறது. புலன்களை அடக்கியவர்கள், எங்கும் சமபுத்தி உள்ளவர்கள், மூன்றாவதாக 'ஸர்வபூத ஹிதே ரதா:'. எல்லா உயிர்களுக்கும் நல்லது செய்வதில் இன்பம் காண்கிறவர்கள் என்று பொருள். அருவத்தைப் பற்றிய பேச்சின் நடுவில் உயிர்கள் ஏன் வர வேண்டும்? எனக்குத் தோன்றுவது இது. ஒரு முகத்தின்மேல் ஊற்றிக்கொண்டிருந்த அன்பு, அந்த முகத்தை எடுத்த பிறகு எங்காவது ஓடித்தான் ஆக வேண்டும். போக வாய்க்கால் இல்லை என்றால் கட்டி நின்று வற்றிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அருவத்தை வழிபட்டவர்கள் வடிவத்தை விட்டார்களே தவிர உறவை விட்டதில்லை. காசியில் தறி நெய்துகொண்டிருந்த கபீர், தசரதன் மகனாகிய ராமனைப் பாடவில்லை. வடிவமே இல்லாத ராமனைப் பாடினார். ஆனால் ராமன் என்ற பெயரை விடவில்லை. அந்த ராமனுக்கு நான் மணமகள் என்று கூசாமல் பாடினார். நீங்கள் படத்தோடு சேர்த்து உறவையும் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி வடலூருக்கு வருகிறேன். அங்கிருந்துதான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

வள்ளலாரும் உங்களைப் போல முருகனிடம் தொடங்கியவர். சிறு வயதில் சென்னையில், ஏழுகிணறு வீட்டின் மாடி அறையில் ஒரு கண்ணாடியை வைத்து, முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தார் என்றும், அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி கொடுத்தான் என்றும் அவர் வரலாற்றில் வரும். கந்தகோட்டத்து முருகன்மேல் பாடிய 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற' பாட்டு உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அப்புறம் ஒற்றியூர், அப்புறம் தில்லை. கடைசியில் அருட்பெருஞ்ஜோதி. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. எண்கோணமாகக் கட்டிய சபை. உள்ளே மூர்த்தி கிடையாது. ஒரு விளக்கும் ஒரு பெரிய கண்ணாடியும் ஏழு திரைகளும். சிறுவயதில் முருகனைக் காட்டிய கண்ணாடியும் விளக்கும் கடைசிவரை அவரோடு வந்துவிட்டன என்று எனக்குத் தோன்றும். முருகன் அவரை விட்டுப் போனானா, கண்ணாடி முழுக்க நிறைந்துவிட்டானா?

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வள்ளலார் கடைசிக் காலத்தில் தம்முடைய பழைய சமயப் பற்றைக் கடுமையாகவே பேசினார். சைவ சமயத்தில் நான் வைத்திருந்த லட்சியம் இவ்வளவு என்று அளவு சொல்ல முடியாது, அப்போது எனக்கு அறிவு கொஞ்சமாக இருந்தது என்று மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில் சொல்கிறார். உங்கள் ஆசிரியர் இதைக் காட்டி, பார்த்தீர்களா, அவரே நடைவண்டியை விட்டுவிட்டார் என்று சொல்லலாம். சொல்லட்டும். விட்ட பிறகு அவர் என்ன பாடினார், என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

'கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த குளிர்தருவே' என்ற பாட்டைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். வடிவம் இல்லாத ஜோதியைப் பார்த்துப் பாடிய பாட்டு அது. வெயிலில் நடந்து வருகிறவனுக்கு முதலில் தென்படுவது மரம். குளிர்தருவே என்கிறார். பிறகு தரு நிழலே. நிழல் கனிந்த கனியே. ஓடையில் ஊறுகிற தீஞ்சுவைத் தண்ணீரே, தண்ணீரிடை மலர்ந்த சுகந்த மணமலரே. மேடையில் வீசுகிற மெல்லிய பூங்காற்றே. மென்காற்றில் விளை சுகமே. சுகத்தில் உறும் பயனே.

வரிசையைப் பாருங்கள். மரத்தைக் கண்ணால் பார்க்கலாம், தொடலாம். நிழலைப் பார்க்கலாம், பிடிக்க முடியாது. பழத்தை நாக்கு அறியும், மணத்தை மூக்கு அறியும். காற்றைப் பார்க்கவே முடியாது, உடம்பில் பட்டால்தான் தெரியும். காற்றில் விளைகிற சுகம் வெளியே எங்கும் இல்லை, எனக்குள்தான் இருக்கிறது. மூன்றே அடியில் கண்ணுக்குத் தெரிகிற மரத்திலிருந்து கையில் அகப்படாத சுகம் வரைக்கும் கூட்டிப்போய்விடுகிறார். மரம் கீழே, சுகம் மேலே என்று தரம் பிரிக்கவில்லை. மரத்தையும் 'ஏ' என்று கூப்பிடுகிறார், சுகத்தையும் அதே 'ஏ' போட்டுத்தான் கூப்பிடுகிறார். பாட்டு முழுக்க விளி. முகம் இல்லாத ஒன்றை இப்படித் திரும்பத் திரும்பக் கூப்பிட முடிகிறது என்றால் அன்பு எங்கேயும் குறையவில்லை என்றுதானே அர்த்தம்? திருவருட்பாவின் ஆறாம் திருமுறை முழுக்க அவர் அந்த ஜோதியை அப்பா என்கிறார், அம்மா என்கிறார், சண்டை போடுகிறார், அழுகிறார். யார் முன்னால் அழுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் ஒரு சுடரின் முன்னால் அழுதார்.

என் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பண்ருட்டிப் பக்கம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஆயா வடலூர் போவார். எனக்கு ஏழெட்டு வயதில் ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். முதல் நாளே போய்த் திடலில் படுத்துக்கொண்டோம். மார்கழி போயும் பனி போகவில்லை. விடியும் முன்பே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜனம் நெருக்கியடித்து நின்றது. அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை என்று ஒரு பக்கம் குரல் எழும். இன்னொரு பக்கம் வாங்கும். மாமா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கறுப்புத் திரை விலகியது. நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை. கடைசியாகக் கலப்பு நிறத் திரை. அது விலகியதும் தூரத்தில் ஒரு சுடர். நான் கண்ணைச் சிமிட்டுவதற்குள் திரை மூடிவிட்டது மாதிரி இருந்தது. சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

ஆயாவுக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் புரை. அவ்வளவு தூரத்தில் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. கடைசித் திரை விலகியது கூட்டத்தின் சத்தத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. கை குவித்து, முகத்தை அந்தத் திசையில் வைத்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் தோளிலிருந்து இறங்கியதும் கேட்டேன். "ஆயா, சாமி எங்க? வெளக்குதான இருந்துது?"

"வெளக்கப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பசிக்குதா?"

"பசிக்குது."

"வா."

கையைப் பிடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற தருமசாலைக்கு அழைத்துக்கொண்டு போனார். அது என் கேள்விக்குப் பதிலா, சின்னப் பையனிடம் பேச்சை மாற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் வள்ளலார் செய்த வரிசையும் அதுதான். ஞானசபை 1872இல் வந்தது. சத்திய தருமசாலை 1867 மே 23ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அடுப்பு மூட்டிக் கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்துத்தான் அவர் ஜோதியைத் திறந்து காட்டினார். அன்று மூட்டிய அடுப்பு 150 ஆண்டுகளுக்கு மேலாக அணையாமல் எரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எது முதலில் வந்தது என்பதை அவ்வளவாக யாரும் யோசிப்பதில்லை. பசியை அவர் நெருப்பு என்றே எழுதுகிறார். ஏழையின் உடம்புக்குள் பற்றி எரிகிற அந்த நெருப்பை ஆகாரத்தால் அவிப்பதுதான் சீவகாருண்யம் என்கிறார். உருவமில்லாத ஆண்டவரிடம் அவர் வைத்த விண்ணப்பம் ஒன்று, 'அப்பா நான் வேண்டுதல் கேட்டு அருள்புரிதல் வேண்டும்' என்று தொடங்கும். அப்பாவிடம் முதலில் கேட்பது என்ன தெரியுமா? 'ஆருயிர்கட்கெல்லாம் நான் அன்பு செயல் வேண்டும்.' வீடுபேறு கேட்கவில்லை, காட்சி கேட்கவில்லை. எல்லா உயிருக்கும் நான் அன்பு செய்ய வேண்டும் என்று கேட்கிறார். கீதையின் அந்த மூன்றாவது அடையாளம் வடலூரில் அடுப்பாக எரிந்துகொண்டிருப்பதாக நான் நினைக்கிறேன்.

ஆயா வீட்டில் சாமி படம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மாடத்தில் ஒரு அகல் இருக்கும். அடுப்படி மூலையில் ஒரு மண்பானை இருக்கும். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்து வைத்த அரிசியில் ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவார். போடும்போது உதடு ஒரு முறை அசையும்: அருட்பெருஞ்ஜோதி. பிடியரிசி என்பார்கள் இதை. வருடம் முழுக்கச் சேர்ந்ததை மூட்டை கட்டித் தைப்பூசத்துக்குத் தருமசாலையில் கொண்டுபோய்க் கொட்டுவார். மழை பொய்த்த ஒரு வருடம் வீட்டில் ராத்திரிக்குக் கேழ்வரகுக் கூழ்தான். அரிசி கண்ணில் படுவதே பகலில் ஒரு வேளை. அப்போதும் பிடி எடுத்தார். கையை இறுக்கிக் கொஞ்சம் சின்னப் பிடியாக எடுத்தார், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எடுத்தார். தியானம் என்று அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை, அந்தக் கை அரிசிக்கும் பானைக்கும் நடுவே போய்வந்தது, அவ்வளவுதான். அந்தக் கை யாரை நினைத்தது என்று கேட்டால் முகம் சொல்லத் தெரியாது அவருக்கு.

இப்போது உங்கள் கடிதத்துக்குத் திரும்பி வருகிறேன். படத்தை எடுத்தது பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உருவமே இல்லாத ஒன்றுக்கு நைவேத்தியம் எதற்கு என்று பொங்கலை நிறுத்தினேன் என்று, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. திருமூலர் சொல்கிறார்: படமாடும் கோயிலில் இருக்கும் பகவானுக்கு ஒன்று கொடுத்தால் அது நடமாடும் கோயிலான மனிதர்களுக்குப் போய்ச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அது படமாடும் கோயிலில் இருப்பவனுக்கும் போய்ச் சேரும். அந்தக் கிருத்திகைப் பொங்கல் முருகன் முன்னால் ஐந்து நிமிடம் இருந்திருக்கும். மீதி நேரமெல்லாம் அது தெருவில்தானே நடந்தது? கிண்ணம் கிண்ணமாக, வாழை இலை மூடி, ஒவ்வொரு வாசலாக. உங்கள் வீட்டில் அருவ வழிபாடு என்று ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்றால் அது அந்தப் பொங்கல்தான். அருவத்தைத் தேடிப் போகிறேன் என்று அதைப் போய் நிறுத்திவிட்டீர்கள்.

அன்பு எப்படி வைப்பது என்று கேட்டீர்கள். உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒன்றுமில்லாத ஒன்றின்மேல் அன்பை வரவழைக்க என்னால் முடியாது. நான் முயன்று பார்த்தவன். கை வேலை செய்தால் மனம் பின்னால் வருகிறது. முதலில் அடுப்பு. அப்புறம் ஜோதி.

அரை மணி நேரம் உட்காருவதை விட வேண்டாம். ஆனால் கண்ணை மூடாதீர்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள். வள்ளலாரும் மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்தில் தம் அறைக்குள் இருந்த விளக்கை 1873இல் வெளியே எடுத்து வைத்து, தடைபடாமல் ஆராதியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். 1874 ஜனவரி 30 அன்று கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணை மூடி இருட்டைப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சுடரைப் பார்த்து ஏதாவது கூப்பிடுங்கள். முருகா என்று வாயில் வந்தால் முருகா என்றே கூப்பிடுங்கள். பெயர் இல்லாதவனுக்கு ஆயிரம் பெயர் வைக்கலாம் என்றால் உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் ஆகாதா?

அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருடம் ஒரு துக்கத்துக்கு அதிக காலம் இல்லை. அந்தப் படத்தின் கண்ணாடியில் அம்மா விரலால் வைத்த பொட்டின் கறை இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை எடுத்துத் துணியில் சுற்றி உள்ளே வைத்தபோது உங்களுக்குள் எதுவும் அசையாமல் இருந்திருக்க முடியாது. நீங்கள் உட்காரும்போது வருகிற அந்த வெறுமையில் எவ்வளவு தத்துவம், எவ்வளவு அம்மா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்களால் முடியும். படத்தை மறுபடி மாட்டுவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மாட்டினால் கீழே இறங்கிவிட்டதாக ஆகாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு நாள் மதியம் தனியாக இருக்கும்போது பரணிலிருந்து இறக்கி, துணியைப் பிரித்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருங்கள். அழுகை வந்தால் வரட்டும். யார் முன்னால் என்று யோசிக்க வேண்டாம்.

கிருத்திகை மாதாமாதம் வருகிறது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் வீட்டில் இல்லாமல் இருக்காது. நைவேத்தியம் என்று சொல்லப் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். விளக்கின் முன்னால் ஒரு நிமிடம் வைத்துவிட்டு நேராக வாசலுக்குக் கொண்டுபோங்கள்.

எதிர்வீட்டு ஆத்தா அப்படிக் கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. வயதானவர்கள் பொங்கல் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அப்படிக் கேட்க மாட்டார்கள். உங்கள் அம்மாவின் கையால் வாங்கித் தின்றவர் அவர். முதல் கிண்ணத்தை அங்கே கொடுங்கள். முடிந்தால் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.